வழிபடும் கூட்டமும் வழிபடப்படும் உடலும்: நோரா அவுனோரின் நடிப்பு வாழ்வு குறித்த திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

பிலிப்பைன்ஸ் நாட்டின் இசை, திரைப்படம், தொலைக்காட்சி, நாடகம் ஆகிய துறைகளில் 58 ஆண்டுகள் இயங்கியவர் நோரா அவுனோர் (1953–2025). அவரது நடிப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘பேசும் கண்கள்’ என்ற பாராட்டிலேயே நின்றுவிடுகிறது. இப்பாராட்டு அவரது கலைத்திறனை உழைப்பினின்று பிரித்து இயற்கையின் கொடையாகச் சுருக்குகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ‘மின்சாய் இசாங் கமுகமோ’ (1976), ‘போனா’ (1980), ‘ஹிமாலா’ (1982), ‘தை வூம்ப்’ (2012) ஆகிய திரைப்படங்களும் 1991, 1992ஆம் ஆண்டுகளின் மேடைப் பணிகளும் இங்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தொல்காப்பியரின் மெய்ப்பாட்டுக் கோட்பாடு விளக்கத்திற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நோரா அவுனோர், பிலிப்பைன்ஸ் திரைப்படம், மெய்ப்பாடு, ரசிகர் பண்பாடு, புலம்பெயர் உழைப்பு, மேடை நாடகம்.

முன்னுரை

ஒரு நடிகையின் புகழ் அளவிறந்து பெருகும்போது அவரது நடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. புகழுக்குக் காரணம் தேடுவோர் பிறப்பிலும் விதியிலும் முகத்திலும் அதனைத் தேடுகின்றனரேயன்றித் தொழிலில் தேடுவதில்லை. நோரா அவுனோருக்கு நேர்ந்ததும் இதுவே. இரயில் நிலையத்தில் தண்ணீர் விற்ற சிறுமி ஒரு நாட்டின் மாபெரும் நட்சத்திரமானார் என்ற வரலாறு அங்கு ஏறக்குறைய நாட்டார் கதையாகவே வழங்குகிறது. அக்கதை உண்மையானது. எனினும் அது மட்டுமே சொல்லப்படும்போது நடிகை மறைந்து அதிசயம் மட்டும் எஞ்சுகிறது. அதிசயங்களை நம்புவதன் விளைவு என்ன என்பதையே தம் தலைசிறந்த படங்களில் ஆராய்ந்த ஒருவருக்கு இது நேர்ந்திருப்பது முரணாகும். அம்முரணை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நட்சத்திர மரபும் நிறமும்

நோரா அவுனோர் 1953 மே 21 அன்று லூசோன் தீவின் பிக்கோல் பகுதியைச் சேர்ந்த இரிகாவில் வறிய குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் நோரா கபால்தேரா வில்யாமாயோர். 1967இல் ‘தாவாக் நங் தங்ஹாலான்’ என்னும் பாட்டுப் போட்டியில் வென்றதும் அவருக்குத் திரையுலகின் கதவு திறந்தது. அதே ஆண்டில் ‘ஆல் ஓவர் தி வேர்ல்டு’ படத்தில் அறிமுகமானார். தொடக்ககாலப் படங்கள் பாட்டும் காதலும் கலந்த எளிய கேளிக்கைகளே. திர்சோ குரூஸ் என்ற இளம் நடிகருடன் அமைந்த இணை பெரும் செல்வாக்குப் பெற்றது.

அக்காலப் பிலிப்பைன்ஸ் திரையுலகில் கதாநாயகி என்றால் ஐரோப்பியக் கலப்புடைய வெண்ணிற முகம் என்ற இலக்கணம் நிலவியது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஸ்பானிய ஆட்சியும் அதன்பின் வந்த அமெரிக்க ஆட்சியும் அழகின் அளவுகோலில் விட்டுச்சென்ற எச்சம் அது. குட்டையான உருவமும் மாநிறமும் கொண்ட நோரா இந்த இலக்கணத்திற்கு முற்றிலும் புறம்பானவர். அவருக்காகத் திரண்ட கூட்டத்தில் வீட்டுப் பணிப்பெண்களும் சந்தை வியாபாரிகளும் ஆலைத் தொழிலாளர்களும் மிகுந்திருந்தனர். ‘நோரானியர்’ என்று பெயர் பெற்ற இவர்கள், திரையில் முதன்முறையாகத் தம் நிறத்தையும் உயரத்தையும் ஒத்த ஒருத்தி நாயகியாவதைக் கண்டனர்.

இவ்வெற்றியை அழகியல் புரட்சி என்று மட்டும் கொள்வது போதாது. அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. தம்மைப் போன்றவள் உயர்ந்துவிட்டாள் என்ற நிறைவு, தம் நிலை மாறாததை மறக்கச் செய்யவல்லது. நோராவின் தொடக்ககாலப் படங்கள் பல இந்த மறதிக்கே பயன்பட்டன. 170க்கும் மேற்பட்ட அவரது படங்களில் கணிசமானவை இன்று வரலாற்று ஆவணம் என்ற அளவிலேயே கவனத்திற்குரியவை. இதனை ஒப்புக்கொண்டால்தான் அவர் எடுத்த திருப்பத்தின் பெருமதி விளங்கும்.

தயாரிப்பாளர் என்ற பொறுப்பு

அத்திருப்பம் 1970களின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது. 1972இல் பெர்டினாண்ட் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்த பின்னர், கடும் தணிக்கைக்கிடையிலும் லீனோ புரோக்கா, இஷ்மாயேல் பெர்னால், மாரியோ ஒஹாரா முதலிய இயக்குநர்கள் புதிய திரைமொழியை உருவாக்கி வந்தனர். நோரா தம் சொந்த நிறுவனமான என்.வி. புரொடக்‌ஷன்ஸ் வழியாக இம்முயற்சிகளுக்குப் பணம் செலவிட்டார். பாட்டுப் படங்கள் ஈட்டித் தந்த செல்வாக்கு, சந்தை விரும்பாத படங்களுக்கு முதலானது.

ஒஹாராவின் ‘தத்லோங் தாவோங் வாலாங் டியோஸ்’ (கடவுளற்ற மூன்று ஆண்டுகள், 1976) இவ்வழி உருவானது. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், தன்னை வன்புணர்ந்த படை அதிகாரியையே மணந்து வாழ நேரும் ரொசாரியோ என்ற பள்ளி ஆசிரியையாக நோரா நடித்தார். ஊராரின் பகைக்கு இலக்காகும் இப்பெண்ணைத் துரோகியாகவும் காட்டாமல், தியாகியாகவும் உயர்த்தாமல் நடிப்பது எளிதன்று. பார்வையாளரின் இரக்கத்தை வலிந்து கேட்காத நடிப்பு இப்படத்திலேயே அவரிடம் உறுதிப்படுகிறது. பிலிப்பைன்ஸ் திறனாய்வாளர்கள் தொடங்கிய காவாத் உரியான் விருதுகளின் முதல் விழாவில் சிறந்த நடிகையாக அவர் தெரிவுசெய்யப்பட்டது இப்படத்திற்காகவே.

அடக்கமும் மெய்ப்பாடும்

நோராவின் நடிப்பைப் பற்றிய பொது மதிப்பீடு ‘அவர் கண்களால் நடிப்பவர்’ என்பது. கண்கள் உடன்பிறந்தவை, ஆகவே நடிப்பும் உடன்பிறந்தது என்ற முடிவு இதனுள் மறைந்திருக்கிறது. நாடகப் பயிற்சியோ உயர்கல்வியோ பெற்ற நடிகையிடம் ‘உத்தி’யைக் காணும் திறனாய்வு, ஏழைப் பெண்ணிடம் ‘வரம்’ ஒன்றையே காண்கிறது. வர்க்கப் பார்வை இங்கே அழகியல் தீர்ப்பாக உருமாறுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்விடத்தில் பயன்படும் ஒரு தெளிவைத் தருகிறது. உள்ளத்து உணர்வு உடலில் புலப்படுவதே மெய்ப்பாடு. எண்வகை மெய்ப்பாடுகளையும் தொல்காப்பியர் முகத்தின் பண்புகளாகக் கொள்ளாமல், ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன்களோடு சேர்த்தே வகுக்கிறார். அழுகை இகழப்படுதலாலும் இழப்பாலும் நிலைதாழ்தலாலும் வறுமையாலும் பிறக்கிறது. வெகுளி உறுப்பறுத்தல், குடிக்குக் கேடு செய்தல், அலைத்தல், கொலை ஆகியவற்றால் பிறக்கிறது. எனவே மெய்ப்பாட்டை ஆராய்வது என்பது முகத்தை வியப்பதன்று. உணர்வு எக்களத்தில் பிறந்து எவ்வழியே உடலுக்கு வருகிறது என்று பின்தொடர்வதாகும்.

லுப்பிதா அக்கினோ-காஷிவாஹரா இயக்கிய ‘மின்சாய் இசாங் கமுகமோ’ (ஒரு காலத்தில் ஒரு விட்டில், 1976) இதற்குச் சிறந்த சான்று. அமெரிக்கா செல்லக் காத்திருக்கும் செவிலி கொராசோன், கிளார்க் விமானப்படைத் தளத்தின் அருகே வாழ்பவள். தளத்து அமெரிக்கப் படைவீரன் ஒருவனால் அவளுடைய தம்பி சுட்டுக்கொல்லப்படுகிறான். காட்டுப்பன்றி என்று எண்ணிச் சுட்டதாக விளக்கம் தரப்படுகிறது. தன் தம்பி பன்றியல்லன் என்று கொராசோன் குமுறும் காட்சி அந்நாட்டுத் திரை வரலாற்றில் மிகுதியும் நினைவுகூரப்படுவனவற்றுள் ஒன்று.

அக்காட்சியைத் தனித்து எடுத்துக் காண்போர் அதனை உணர்ச்சிப் பெருக்காகவே காண்பர். படம் முழுவதையும் நோக்கினால் அதன் கட்டமைப்பு புலப்படும். முற்பகுதியில் கொராசோன் பணிவும் நன்றியும் உடையவள். அமெரிக்கா அவளுக்கு ஒரு நல்வாய்ப்பு. நோரா இப்பணிவை மிகையின்றி, ஐயத்தின் சாயல் இன்றி நடிக்கிறார். பின்னர் எழும் வெகுளியில் கொலையின் சினத்தோடு, இவ்வளவு காலம் பணிந்திருந்ததன் நாணமும் கலந்துள்ளது. குடிக்கு நேர்ந்த கேடும் தன்னை இழிவாகக் கண்ட இகழ்ச்சியும் ஒரே குரலில் சேர்கின்றன. முற்பகுதியின் அடக்கம் இல்லையேல் பிற்பகுதியின் குமுறல் வெறும் கூச்சலாகவே முடியும். இது வரமன்று; அளந்து செலவிடும் தொழில்.

ரசிகையாக நடித்த நட்சத்திரம்

லீனோ புரோக்காவின் ‘போனா’ (1980) நோராவின் சொந்த நிறுவனத் தயாரிப்பு. நடுத்தரக் குடும்பத்துப் பெண் போனா, திரைப்படங்களில் சிறு வேடங்களில் தோன்றும் கார்டோ என்பவன்மீது கொண்ட பித்தால் வீட்டைத் துறந்து அவனது சேரிக் குடிசையில் பணிவிடை செய்து வாழ்கிறாள். தண்ணீர் சுமக்கிறாள், சமைக்கிறாள், அவன் குளிக்க வெந்நீர் காய்ச்சித் தருகிறாள். அவனோ பிற பெண்களை வீட்டிற்கு அழைத்து வருகிறான். இறுதியில் அவளைக் கைவிட்டுச் செல்ல முற்படும்போது, போனா கொதிக்கும் நீரை அவன்மேல் ஊற்றுகிறாள்.

மணிலாவின் கியாப்போ தேவாலயத்துக் கருநிற நாசரேயர் ஊர்வலக் காட்சிகளோடு படம் தொடங்குகிறது. சிலையைத் தொட முண்டியடிக்கும் பக்தர் கூட்டத்தின் நடுவில் போனாவும் நிற்கிறாள். சமய வழிபாடும் திரை வழிபாடும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதைப் புரோக்கா இத்தொடக்கத்திலேயே நிறுவிவிடுகிறார். நாட்டிலேயே மிகுந்த ரசிகர்களைக் கொண்ட நடிகை ரசிகையின் வேடத்தை ஏற்றதில்தான் இப்படத்தின் துணிவு அமைந்துள்ளது. தம்மைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்த முகங்களை அவர் நெடுங்காலம் எதிரிருந்து பார்த்திருந்தார். அப்பார்வையே இங்கு நடிப்பாகிறது.

போனாவை நோரா பைத்தியக்காரியாகவோ பேதையாகவோ இழிவுபடுத்தவில்லை. அவளது பணிவிடையில் ஒரு நிறைவும், உரிமை கொண்டாடும் பெருமிதமும் இருக்கின்றன. வீட்டில் தந்தையின் ஆணைக்கு உட்பட்டிருந்தவள், இக்குடிசையில் தன் அடிமைத்தனத்தையேனும் தானே தெரிவு செய்தவள். இந்த நுட்பத்தை உரையாடல் சொல்வதில்லை. குடத்தை இறக்கி வைக்கும் விதமும் அடுப்பின் முன் அமர்ந்திருக்கும் அமைதியும் சொல்கின்றன. அன்றாடப் பணிவிடையின் கருவியான வெந்நீரே இறுதியில் வெகுளியின் கருவியாகிறது. ரசிகர்களைக் குறை கூறாமல் ரசிகத்தன்மையை விசாரணைக்கு உட்படுத்திய இப்படம் 1981இல் கான் திரைப்பட விழாவின் இயக்குநர் பிரிவில் திரையிடப்பட்டது. 2024இல் மீட்டெடுக்கப்பட்ட வடிவில் அவ்விழாவின் செவ்வியல் பிரிவிலும் இடம்பெற்றது.

எல்சா: கூட்டம் படைத்த தெய்வம்

இஷ்மாயேல் பெர்னால் இயக்கி, ரிக்கி லீ எழுதிய ‘ஹிமாலா’ (அற்புதம், 1982) இவ்விசாரணையை ஊர் அளவிற்கு விரிவாக்குகிறது. வறட்சியால் வாடும் குப்பாங் என்ற சிற்றூரில், கன்னி மரியாளைக் கண்டதாகக் கூறும் எல்சா நோய்தீர்ப்பவளாக வணங்கப்படுகிறாள். பக்தரோடு வணிகரும் சுற்றுலாப் பயணிகளும் விலைமாதரும் ஊரை நிறைக்கின்றனர். வளமும் கேடும் ஒன்றாகவே வருகின்றன. இறுதியில் எல்சா பெருங்கூட்டத்தின் முன் நின்று, அற்புதம் என்று எதுவும் நிகழவில்லை. அது மனிதரின் நெஞ்சிலேயே உள்ளது. தெய்வங்களைப் படைப்பவர்கள் மனிதர்களே என்ற பொருள்பட அறிவிக்கிறாள். துப்பாக்கிக் குண்டு அவளை வீழ்த்துகிறது. கூட்டமோ அதன்பின்னரும் வழிபாட்டைக் கைவிடுவதில்லை.

படத்தின் பெரும்பகுதியில் எல்சா குறைவாகவே பேசுகிறாள். அவள் ஏமாற்றுக்காரியா, தன்னையே ஏமாற்றிக்கொண்டவளா, உண்மையில் எதையோ கண்டவளா என்பதை நோரா இறுதிவரை வெளிப்படுத்துவதில்லை. முகத்தை ஏறக்குறைய வெறுமையாக வைத்துக்கொள்கிறார். அவ்வெறுமையில் ஊரார் தமக்கு வேண்டியதைக் காண்கின்றனர். பார்வையாளரும் அதையே செய்கின்றனர். ‘பேசும் கண்கள்’ என்ற புகழுரையை இப்படம் தலைகீழாக்குகிறது. இங்குக் கண்கள் பேசுவதில்லை. பேசுவதாகக் கூட்டம் நம்புகிறது.

இப்படத்தின் பிறப்புச் சூழலையும் புறக்கணித்தல் கூடாது. மார்க்கோஸ் அரசு நிறுவிய பரிசோதனைத் திரைப்பட அமைப்பே இதனைத் தயாரித்தது. தன்னை நாட்டின் மீட்பராகக் காட்டிக்கொண்ட ஓர் ஆட்சியின் பணத்தில், மீட்பர்களை நம்ப வேண்டா என்று கூறும் படம் உருவாயிற்று. 1983இல் பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவிலும் அது இடம்பெற்றது. அரசின் பண்பாட்டுப் பெருமைக்குப் பயன்பட்டது என்ற குற்றச்சாட்டும், அவ்வரசின் அடித்தளத்தையே ஐயுற்றது என்ற பாராட்டும் ஒருங்கே இதற்குப் பொருந்தும்.

மேடை: அண்மைக்காட்சி இல்லாத களம்

நோராவின் நடிப்பு அண்மைக்காட்சியின் துணையால் மட்டுமே நிற்பது என்ற ஐயத்திற்கு விடை மேடையில் கிடைக்கிறது. பிலிப்பைன்ஸ் கல்வி நாடகக் கழகமான ‘பெத்தா’ 1967இல் செசில் கிதோத்தேவால் தொடங்கப்பட்டது. நோரா பாட்டுப் போட்டியில் வென்ற ஆண்டும் அதுவே. மக்களின் வாழ்க்கைச் சிக்கல்களை மக்கள் மொழியில் அரங்கேற்றுவது இக்கழகத்தின் கொள்கை. புரோக்காவும் பின்னாளில் நோராவை இயக்கிய ஜோயல் லமாங்கனும் இக்கழகத்தில் இயங்கியவர்கள். ஆகவே நோரா மேடை ஏறுமுன்னரே மேடையின் பயிற்சி முறை இயக்குநர் வழியாக அவரை வந்தடைந்திருந்தது எனலாம்.

1991இல் ‘மின்சாய் இசாங் கமுகமோ’வின் மேடை வடிவத்தில் அவர் மீண்டும் நடித்தார். அமெரிக்கத் தளங்களை நீட்டிக்கும் உடன்படிக்கையைப் பிலிப்பைன்ஸ் மேலவை செப்டம்பர் 16 அன்று 12க்கு 11 என்ற வாக்குக் கணக்கில் நிராகரித்த ஆண்டும் அதுவே. 15 ஆண்டுகளுக்கு முன் திரையில் எழுந்த குரல், தளங்களின் எதிர்காலம் தீர்மானிக்கப்பட்ட அவ்வாண்டில் அரங்கில் நேருக்கு நேராக ஒலித்தது. 1992இல் ரிக்கி லீ எழுதி, சோக்சி தோப்பாசியோ இயக்கிய ‘டி.எச்.’ நாடகத்தில், வெளிநாடுகளில் வீட்டுப்பணி செய்யும் பிலிப்பினோப் பெண்களின் வாழ்வு பொருளாயிற்று. அந்நாடகம் வெளிநாடுகளுக்கும் சென்றது. மேடையில் முகத்தின் சிறு அசைவு கடைசி வரிசைக்கு எட்டாது. உடலின் நிலை, நடையின் வேகம், குரலின் ஏற்ற இறக்கம் ஆகியவையே அங்கு மெய்ப்பாட்டைத் தாங்க வேண்டும். பாட்டுப் போட்டிகளில் பழகிய மூச்சுக்கட்டுப்பாடு நோராவுக்கு இங்குக் கைகொடுக்கும் முதலாக இருந்தது.

‘டி.எச்.’ நாடகத்தின் பொருள் தற்செயலானதன்று. 1974ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு முதலாக, உழைப்பாளரை வெளிநாட்டிற்கு அனுப்புவது அந்நாட்டின் அரசுக் கொள்கையாகவே இருந்து வருகிறது. நோராவின் பாத்திரங்கள் இவ்வரலாற்றைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்கின்றன. கொராசோன் புறப்படக் காத்திருந்தவள். கில் போர்த்தேஸ் இயக்கிய ‘மெரிகா’ (1984) படத்தின் மீலா, அமெரிக்காவின் நியூஜெர்சியில் தனிமையில் உழலும் செவிலி. ஜோயல் லமாங்கனின் ‘தி ஃபுளோர் கொன்தெம்பிளாசியோன் ஸ்டோரி’ (1995), சிங்கப்பூரில் 1995 மார்ச் 17 அன்று தூக்கிலிடப்பட்ட வீட்டுப் பணியாளரின் வரலாறு. நாடே கொதித்திருந்த அவ்வாண்டிலேயே வெளிவந்த இப்படம் கெய்ரோ விழாவில் தங்கப் பிரமிடு விருதையும், நோராவுக்குச் சிறந்த நடிகை விருதையும் பெற்றது. படம் அவசரத்தின் தழும்புகளை உடையது. துயரக் காட்சிகள் சில மிகையானவை. எனினும் நோராவின் பகுதி மட்டும் அம்மிகையினின்று விலகி நிற்கிறது.

குரல் இழந்த பின்

சில ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்த நோரா 2011இல் தாயகம் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டில் ஜப்பானில் செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் பாடும் குரலை இழந்திருந்தார். குரலால் புகழ் பெற்றவருக்கு இது பேரிழப்பு. பிரில்லாந்தே மெண்டோசாவின் ‘தை வூம்ப்’ (உன் கருவறை, 2012) இவ்விழப்பிற்குப் பின் வந்தது. தாவி-தாவித் தீவுகளின் சாமா-பஜாவு கடலோரச் சமூகத்தில் மருத்துவச்சியாக வாழும் சாலேஹா, பிறர் குழந்தைகளை ஏந்தித் தருபவள்; தனக்குக் குழந்தை இல்லாதவள். கணவனுக்கு மகப்பேறு வேண்டித் தானே இரண்டாம் மனைவியைத் தேடுகிறாள். குழந்தை பிறந்ததும் சாலேஹா விலக வேண்டும் என்பது புதியவளின் நிபந்தனை. அக்குழந்தையையும் சாலேஹாவே ஏந்துகிறாள்.

உரையாடல் மிகக் குறைந்த இப்படத்தில் சாலேஹா பாய் முடைகிறாள், மீன் பிடிக்கிறாள், படகில் தீவு தீவாகச் செல்கிறாள். உணர்வு தொழிலின் வழியாகவே வெளிப்படுகிறது. எல்சாவின் மௌனம் பிறரின் நம்பிக்கையை ஏற்கும் வெற்றிடம். சாலேஹாவின் மௌனம் நிறைந்தது. அதில் அன்பும் இழப்பும் தன்முடிவின் பொறுப்பும் உள்ளன. ஒரே கருவியை இருவேறு பொருளுக்குப் பயன்படுத்தும் இவ்வேறுபாடே நோராவின் நடிப்பு வரம் அல்ல, கலை என்பதற்கு வலிய சான்று. இப்படத்திற்காக ஆசிய பசிபிக் திரை விருது (2012), ஆசியத் திரைப்பட விருது (2013) ஆகியவற்றில் சிறந்த நடிகையாக அவர் அறிவிக்கப்பட்டார்.

ஏற்பும் மறுப்பும்

நாட்டின் உயரிய கலை மதிப்பான ‘தேசியக் கலைஞர்’ பட்டத்திற்கு நோராவின் பெயர் முன்மொழியப்பட்டும் 2014இல் குடியரசுத் தலைவரின் இறுதிப் பட்டியலில் விடுபட்டது. அமெரிக்காவில் அவர்மீது எழுந்த போதைப்பொருள் வழக்கு காரணமாகக் காட்டப்பட்டது. கலைஞரின் படைப்பை மதிப்பிடுவதா, ஒழுக்கச் சான்றிதழ் வழங்குவதா என்ற கேள்வி அப்போது வலுவாக எழுந்தது. 2022இல் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. 2025 ஏப்ரல் 16 அன்று தம் 71ஆம் வயதில் மறைந்த அவர், மணிலாவின் வீரர்கள் கல்லறையில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

2014இன் மறுப்பும் 2022இன் ஏற்பும் ஒரே அளவுகோலின் இரு முனைகள். முதலாவது, கலைஞரைப் புனிதராக இருக்கக் கோரியது. இரண்டாவது, அவரைப் புனிதராக்கும் போக்கிற்கு வழிவிட்டது. இரண்டிலும் நடிகையின் தொழில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. நோரா அவுனோரின் நடிப்பு, அடக்கத்தையும் வெளிப்பாட்டையும் படம் முழுவதற்குமாகப் பங்கிட்டு அமைக்கும் திட்டமிட்ட தொழில். அது முகத்தின் கொடை என்று கூறுவது வர்க்கச் சார்புடைய மதிப்பீடு. தம்மை உருவாக்கிய ரசிகர் வழிபாட்டையே அவர் ‘போனா’விலும் ‘ஹிமாலா’விலும் விசாரணைப் பொருளாக்கினார்; அதற்குத் தம் பணத்தையும் புகழையும் பணயம் வைத்தார். திரை, மேடை ஆகிய இரு களங்களிலும் செவிலியராகவும் பணிப்பெண்களாகவும் அவர் ஏற்ற வேடங்கள், அந்நாட்டுப் பெண்களின் புலம்பெயர் உழைப்பு வரலாற்றிற்குத் தொடர்ச்சியான கலைப்பதிவாக அமைகின்றன.

அவரது மேடைப் பணி குறித்த ஆய்வு, திரைப்பணி குறித்த ஆய்வோடு ஒப்பிடத்தக்க அளவில் வளரவேண்டும். திரைப்படங்கள் மீட்டெடுக்கப்பட்டு மீண்டும் காணக் கிடைக்கின்றன. நாடகமோ கண்டவர் நினைவோடு மங்குவது. அந்நினைவுகள் தொகுக்கப்படும்போது நட்சத்திரத்தின் ஒளியில் மறைந்த நடிகையின் உழைப்பு மேலும் தெளிவுறும். தெய்வங்களைப் படைக்க வேண்டா என்று கூட்டத்தின் முன் நின்று உரைத்த எல்சாவுக்கு உயிர் தந்தவரை, வழிபடுவதினும் ஆராய்வதே அவருக்குச் செய்யும் தக்க சிறப்பாகும்.